குடியுரிமை கேட்காதவர்களா?

மலையகத் தோட்டத் தொழிலாளர் இலங்கைக் குடியுரிமையில் அக்கறை காட்டவில்லை என்ற வாதம் உண்மைக்கு நேர் எதிரானது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து வரிசைவீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் அடுப்பும் தொட்டிலும் பாயுமாக முடங்கிய குடும்பம் அத்தனை பிறப்புப் பத்திரங்களுக்கு எங்கே போகும்? அப்படியும், 1949-ஆம் ஆண்டு வந்த தனிச் சட்டத்தின் கீழ் லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1952-இல் கொழும்பில் சத்தியாகிரகமும் நடந்தது. இதற்குப் பெயர் அக்கறையின்மையா? 1964-ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. உறவுகள் கடலின் இரு கரையிலுமாகப் பிரிந்தன. கடைசியாக எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் குடியுரிமை கிடைத்தது.