அப்பாவுக்கு ஓர் இஞ்ச் டேப்!

எங்க அப்பா ராத்திரி பத்தரைக்குக் கடையைச் சாத்திட்டு வந்து, பரோட்டா சாப்பிட்ட கையோடு படுத்துடுவார். நடுராத்திரி நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். உடனே ஒரு சோடா! "எல்லாம் காரம் பண்ற வேலை" என்பது பாட்டியின் தீர்ப்பு. நான் முழுசா ஒத்துக்க மாட்டேன்.

இரைப்பையின் வாசலில் கதவு மாதிரி ஒரு தசை வளையம் உண்டு. தொப்பை அமுக்கினால் அமிலம் கதவைத் தாண்டி மேலே ஏறும்; பட்ட இடம் புண்ணாகும். படுத்தால் இன்னும் சுலபம். சோடாவின் வாயுவும் சேர்ந்து தள்ளும்.

அம்மாவின் தையல் டேப்பில் அப்பாவின் வயிற்றை அளந்தேன். 102 செ.மீ.! நம் நாட்டு ஆண்களுக்கு 90 தான் எல்லை. பெற்றோர் கூட்டத்தன்று வாசலில் ஒரு டேப் வைத்தால் என்ன, சார்? (அப்பா, கோவிச்சுக்காதீங்க!)

இப்போ எட்டு மணிக்கே கடைக்குச் சாப்பாடு கொண்டு போறேன். சோடா மட்டும் இன்னும் நிக்கலை.

— 10-ஆம் வகுப்பு மாணவன்