முதன்மை ஆய்வாளர் யார்?

ஆராய்ச்சி நிதி கேட்டு அனுப்பும் புரபோசலை எழுதுவது யார் என்பது ஒரு கேள்வி. அதில் முதன்மை ஆய்வாளர் என்று யார் பெயர் போகிறது என்பது வேறு கேள்வி. தாம்பரம் தொடங்கி வண்டலூர், காட்டாங்குளத்தூர் வரை ரயில் பாதையை ஒட்டி நிற்கும் கல்லூரிகளில் ஒப்பந்த விரிவுரையாளராக அலைந்தவள் சொல்கிறேன்: இரண்டு கேள்விக்கும் ஒரே பெண்ணின் பெயர் விடையாக வந்து நான் பார்த்தது அபூர்வம்.

முந்தைய ஆய்வுகளைத் தேடித் தொகுப்பவள் அவள். கருவிகளுக்கு கொட்டேஷன் வாங்குவதும், ஆண்டுவாரியாக பட்ஜெட் போடுவதும், முதல்வரின் ஒப்புதல் கடிதத்துக்காக அலுவலக வாசலில் நிற்பதும் அவளே. நிதி வந்தபின் பயன்பாட்டுச் சான்றிதழுக்குக் கணக்கு சேர்ப்பதும் அவள்தான். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், "நீ பொறுமையா செய்வே, நீயே எழுதிடும்மா" என்றார் துறைத்தலைவர். எழுதினேன். முதன்மை ஆய்வாளர் அவர். என் பெயர் எங்குமே இல்லை. கூலி கொடுக்காத உழைப்புக்கு நம் ஊரில் பொறுமை என்று பெயர்.

விதியும் அவருக்கே துணை நிற்கிறது. மத்திய அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் வழங்கிவந்த முக்கிய ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்க நிரந்தரப் பணி வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான விதிதானே என்பார்கள். திருமணம், கணவரின் இடமாற்றம், பிரசவம் என்று ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு மறுபடி ஒப்பந்தத்தில் சேர்பவர் யார் என்று பார்த்தால் அந்தப் பொதுமையின் லட்சணம் தெரியும்.

பணியில் இடைவெளி விழுந்த பெண்களுக்காக 2002-03இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டம் கொண்டுவந்தது. 2020இல் பெண் ஆய்வாளர்களுக்கென்றே 'பவர்' திட்டம் வந்தது. வெளிநிதி பெறும் ஆய்வுத் திட்டங்களில் பெண்களின் பங்கு 2000-01இல் 13 சதவீதம். 2016-17இல் 24 சதவீதம். கதவைத் திறந்தால் பெண்கள் வருகிறார்கள். ஆனால் திறந்தது பக்கவாட்டுக் கதவு. தலைவாசல் விதி அப்படியே இருக்கிறது.

'தகுதி இருந்தால் கிடைக்கும்' என்பவர்களுக்கு இரண்டு தகவல்கள். ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மதிப்பெண்களை கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னெஸ் வோல்ட் இருவரும் 1997இல் ஆராய்ந்தார்கள். ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற, பெண் 2.5 மடங்கு ஆய்வுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது. கனடாவின் சுகாதார ஆராய்ச்சி நிதி பற்றி 2019இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டபோது ஆண்-பெண் வித்தியாசம் சிறியது. ஆய்வாளர் யார் என்பதை மதிப்பிட்டபோது அது பெருகியது. குறை பெண்ணின் அறிவியலில் இல்லை. அளப்பவரின் பார்வையில் இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது சலுகை அல்ல. ஒப்பந்த ஆசிரியரும் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கும் உரிமை வேண்டும். முதலில் திட்டத்தை மதிப்பிடட்டும், பிறகு ஆளைப் பார்க்கட்டும். புரபோசலில் யார் எந்தப் பகுதியை எழுதினார் என்பதைக் கல்லூரி எழுத்தில் பதிய வேண்டும்.

மறுத்தால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், ஒருத்தியாகப் போய்க் கேட்காதீர்கள். துறையில் இருக்கும் நாலு பெண்கள் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். புரபோசல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுவதா கஷ்டம்?