சராசரி பி/இ மறைக்கும் நஷ்டங்கள்

ஒரு நிறுவனத்தின் பி/இ விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வருவது) அதன் பத்தாண்டுச் சராசரிக்குக் கீழே வந்தால் பங்கு மலிவு, தயங்காமல் வாங்கலாம் என்கிறார் ஒரு கட்டுரையாளர். சேமிப்பைச் சந்தையில் போட வரும் புதியவரை நஷ்டத்தில் தள்ள இந்த ஒரு விதி போதும்.

டாடா ஸ்டீலில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 2021-22இல் அதன் ஒருங்கிணைந்த நிகர லாபம் 41,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் பங்கு விலை சுமார் 1,300 ரூபாய். அந்த லாபத்தின்படி பி/இ நான்குதான். மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்தது. ஜூனில் பங்கு 900க்கும் கீழே போனது. அடுத்த ஆண்டு லாபம் ஏறக்குறைய 8,000 கோடியாகச் சுருங்கியது, 2023-24இல் நஷ்டம். மலிவு என்று அவர் விதி காட்டும் நான்கு, லாபம் உச்சியில் நின்றதால் வந்த நான்கு.

மாறாக, 2020 மார்ச் இறுதியில் அதே பங்கின் விலை சுமார் 270 ரூபாய். அந்த நிதியாண்டின் சொற்ப லாபத்தை வைத்துக் கணக்கிட்டால் பி/இ 20க்கு மேல். ஒதுங்கியிருங்கள் என்று அவர் விதி சொல்லியிருக்கும். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பங்கு நான்கு மடங்குக்கு மேல் ஏறியது.

அவர் நம்பும் சராசரியும் நம்பத்தக்கதல்ல. 2014-15 தொடங்கி மூன்று ஆண்டுகள் இதே நிறுவனம் தொடர்ந்து நஷ்டம் காட்டியது. நஷ்டத்துக்கு பி/இ போடுவதில்லை. அந்த ஆண்டுகள் சராசரியில் சேராமல் நழுவிவிடும். 2017-18 லாபத்திலோ பாதிக்கு மேல், பிரிட்டன் ஓய்வூதியத் திட்டச் சீரமைப்பு போன்றவற்றால் ஒரு முறை மட்டும் வந்த வரவு. கெட்ட ஆண்டுகளைக் கழித்து, மீண்டும் வராத லாபத்தைக் கூட்டி எடுத்த சராசரியை அளவுகோல் என்பது பொறுப்பற்ற செயல்.

நிஃப்டியின் பழைய பி/இ எண்களையும் சாட்சிக்கு இழுக்கிறார். 2021 மார்ச் இறுதியில் தேசியப் பங்குச் சந்தை பி/இ கணக்கில் தனிநிறுவன லாபத்தை விட்டு ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியது. நிஃப்டி பி/இ ஒரே நாளில் 40லிருந்து 33 ஆனது. சந்தை சரியவில்லை, கணக்கு முறைதான் மாறியது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பத்து ஆண்டு பி/இ எண்களை அச்சிட்டவர், பக்கத்திலேயே பத்து ஆண்டு இ.பி.எஸ் (ஒரு பங்குக்கான லாபம்) எண்களையும் தந்திருக்க வேண்டும். தந்திருந்தால் அவருடைய விதியை வாசகரே நிராகரித்திருப்பார்.