கடலும் விரதமும்

சிக்கல் சிங்காரவேலவரைத் தரிசித்து, மறுநாள் காலை நாகப்பட்டினத்தில் நானும் என் மனைவியும் கப்பலேறினோம். 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல் அது. நல்லூர்க் கந்தனின் 25 நாள் பெருவிழாவைக் காண வேண்டுமென்பது அவளது நெடுநாள் வேண்டுதல். அன்று கிருத்திகை, நீரும் அருந்தாத உபவாசம் அவளுக்கு. "நான்கு மணி நேரந்தானே" என்று நானும் தடுக்கவில்லை. வங்கியில் பிறர் கணக்கின் பிழைகளைக் கண்டவனுக்குத் தன் வீட்டுக் கணக்கின் பிழை தெரியவில்லை.

கரை மறைந்த சிறிது நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. வியர்வை, குமட்டல், பிறகு வாந்தி. வெறும் வயிற்றில் எடுத்த வாந்தியின் வேதனை சொல்லுந்தரமன்று. அதனினும் பெரிது அவள் கேட்ட கேள்வி: "முருகனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? இந்த உடம்போடு எப்படிச் சன்னிதியில் நிற்பேன்?"

அன்பர்களே, இது தெய்வக் குற்றமன்று, செவியின் குழப்பம். அசையாத அறையைக் கண்டு 'நிலையாக இருக்கிறோம்' என்கிறது கண். 'ஆடுகிறோம்' என்கிறது உட்செவி. இரண்டுக்கும் இடையே மூளை திகைப்பதே கடல்நோய். மாபெரும் கடற்போர்களை வென்ற ஆங்கிலேயத் தளபதி நெல்சனையும் அது விடவில்லை.

கரையிறங்கியதும் அருகிலுள்ள கீரிமலைக்குச் சென்றோம். நகுலேசுவரத்தை அடுத்து, கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கேணி அது. தயங்கி நின்றவளைக் கண்ட மூதாட்டி ஒருவர், "கடல் எல்லாரையும் ஒருக்காச் சோதிக்கும், பிள்ளை. குளிச்சுப்போட்டு வாங்கோ, சாமி ஒண்டும் சொல்லாது" என்றார். பெண்களுக்குரிய கேணியில் நீராடி வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. அன்று மாலை நல்லூரில் மனங்குளிரத் தரிசித்தோம்.

திரும்பும்போது முறையை மாற்றினோம். புறப்படுமுன் இரண்டு இட்டலி. எண்ணெய்ப் பண்டமும் காப்பியும் இல்லை. ஆட்டம் குறைவான நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், செல்லும் திசை நோக்கி அமர்ந்தோம். கைப்பேசியையும் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டு, கடலும் வானும் கூடும் கோட்டையே பார்த்திருந்தாள். அவ்வப்போது ஒரு துண்டு இஞ்சி, ஒரு மிடறு நீர். கடல் அன்றும் ஆடியது. அவளுக்கு லேசான தலைச்சுற்றலோடு சரி.

மாத்திரை வேண்டுவோர் புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கியபின் பயன் குறைவு. அது உறக்கம் தரும். கண் அழுத்த நோயோ புரோஸ்டேட் தொல்லையோ உள்ள முதியவர்கள் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

விரதம் என்னாவது என்பீர்கள். நீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுப்பதில்லை என்று மகாபாரதமே இடந்தருகிறது. கப்பலேறும் நாளில் பழமும் பாலும் உண்டு விரதம் காக்கலாம். முழு உபவாசத்தைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். அன்று கப்பலேறுமுன் ஒரு வாழைப்பழத்தை அவள் கையில் கொடுத்து இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.