கன்னி ராசின்னா காதலும் இல்லை, வேலையும் இல்லையா?

சீனாவில் டேட்டிங்கிலும், வேலைக்கு ஆள் எடுப்பதிலும் அதிகம் ஒதுக்கப்படுவது எந்த ராசி தெரியுமா? கன்னி. மேற்கத்திய ஜோதிடத்தின் 'வர்கோ'வுக்கு அங்கே 'கன்னிப்பெண்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயராலேயே 'எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர்கள்' என்ற முத்திரையும் ஒட்டிக்கொண்டது. 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களின் குணங்களை ஒப்பிட்டது. ராசிக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒதுக்கல் மட்டும் நிஜம்!

சீன ஜோதிடமும் சளைத்ததல்ல. 12 விலங்கு ஆண்டுகளில் எலிக்கு டிராகன் பொருந்தும், குதிரை ஆகாது என்பார்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை 'நெருப்புக் குதிரை' வரும். அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால், 1966-ல் ஜப்பானில் பிறப்புகள் சுமார் 25% சரிந்தன. நம்ம ஊர் 'பெண் மூலம்' கதையேதான். 2026-ம் நெருப்புக் குதிரை ஆண்டு.

அப்போ ராசியே பார்க்கக் கூடாதா? பாருங்க, பேச்சை ஆரம்பிக்க. 'உன் ராசிக்குப் பிடிவாதம் அதிகமாமே, உண்மையா?' என்று காதலரிடம் கேட்கலாம். பிசினஸ் பார்ட்னரிடம், 'நான் ரிஸ்க் எடுப்பேனாம், நீங்க தயங்குவீங்களாம். நஷ்டம் வந்தா என்ன பண்ணலாம்?' என்று தொடங்கலாம். ஆனால், பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். லாபப் பங்கு எவ்வளவு, பிரிய நேர்ந்தால் எப்படி என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்க. பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஒரு நல்ல ஆளை நிராகரித்தால், இழப்பு உங்களுக்கும்தான்.