ஒத்திகை ஊருக்கும் வேண்டும்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். இந்நாட்களில் நடக்கும் உறுதிமொழி, பேரணி, துண்டறிக்கை எல்லாம் நல்லவைதான், ஆனால் போதாது.

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த பட்டாசு ஆலை விபத்தை மறக்க முடியுமா? இறந்தோரில் கணிசமானோர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். வெடிபொருள் எரியும் இடத்தை நெருங்கக் கூடாது, அடுத்த வெடிப்பு எந்த நொடியிலும் நிகழலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இரக்கமே அவர்கள் உயிரைக் குடித்தது.

ஆகவே விபத்துப் பாதுகாப்பு ஒத்திகை ஆலை வாசலோடு நின்றுவிடக் கூடாது. சுற்றியுள்ள கிராமங்களுக்கும் அது போக வேண்டும். எவ்வளவு தூரம் விலகி நிற்பது, தீக்காயத்துக்கு முதலில் தண்ணீர் ஊற்றுவது, 112-ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்வது ஆகியவற்றை மக்கள் செய்து பார்த்துப் பழக வேண்டும். ஒத்திகை நாளில் தொழிலாளிக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கிராம சபைக் கூட்டத்தில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்க ஊராட்சித் தலைவர்கள் முன்வர வேண்டும்.