வீட்டிற்கு வலி தெரியாது



ஐப்பசி மழை நெருங்கி வருகிறது. இம்மாதம் நாம் வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இல்லற வாழ்வைப் பற்றி அன்று. சுவரும் கூரையுமாக நிற்கின்ற வீட்டைப் பற்றியே. பங்குக் குருவுக்குக் கொத்தனார் வேலை எதற்கு என்று வியப்பீர்கள். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பாஸ்காக் காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றோம். ஒரு கைம்பெண்ணின் சமையலறையில், சன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஓடிய விரிசல் ஒன்றைக் கண்டோம். விரல் நுனி நுழையும் அகலம். செபித்தோம், தீர்த்தம் தெளித்தோம், அவர் அன்போடு கொடுத்த காப்பியைப் பருகினோம், அடுத்த வீட்டிற்கு நடந்தோம். விரிசலைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அது நம் வேலையன்று என எண்ணினோம். கார்த்திகை மாத அடைமழையில் ஓர் இரவு அச்சுவர் விழுந்தது. அங்கே உறங்கிக் கொண்டிருந்த பேரனின் கால் முறிந்தது. மருத்துவமனையில் அந்தத் தாய் நம்மைக் குறை கூறவில்லை. “நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சாமி” என்றார். அச்சொல் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. பார்த்தவர் இருவர், கவனித்தவர் ஒருவருமிலர்.

நம் வேலையன்று என நாம் எண்ணியதும் பிழையே. லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்ப்பார். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து மீண்டும் பார்ப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறியச் செய்து, சுவரைச் சுரண்டிப் புதுச்சாந்து பூசச் செய்வார். அதன் பின்னும் பரவினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். இக்கறை ஈரத்தில் படரும் பூஞ்சணமாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பழைய மொழிபெயர்ப்புகளோ மனிதனின் நோய்க்கும் வீட்டின் கறைக்கும் ஒரே பெயரைச் சூட்டின: தொழுநோய்.

தொழுநோயையும் வீட்டையும் ஒருங்கே எண்ணும்போது, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு குடும்பம் நம் நினைவுக்கு வருகிறது. பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் எவ்லினும் 1913-இல் மணமுடித்து அம்மலைக்குச் சென்றனர். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடையாகவே ஏற வேண்டும், மலைக்காய்ச்சலும் கொடியது. 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலுக்கே இரையானார். எவ்லின் அம்மையாரோ முதுமையிலும் மலைமக்களுக்குத் தொண்டாற்றி, 1974-இல் மறைந்தார்.

ஜெஸ்ஸி அங்கே தம் கையால் கட்டிய மரவீடு கற்றூண்களின் மேல் நின்றது. ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த வாணலி போன்ற உலோகத் தட்டு ஒன்று இருந்தது; கறையானுக்காக வைத்த காப்பு அது. இத்தகைய தட்டு கறையானைக் கொல்வதில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றி வெளிப்படையாக மண்குழாய் கட்டித்தான் கறையான் மேலே ஏற இயலும். மறைவாக வரும் பகையைக் கண்ணுக்குப் புலப்படச் செய்வதே அதன் பயன். பார்க்க ஒருவர் இல்லையேல் தட்டும் வீணே.

அம்மலையில் சிறு வயதைக் கழித்த அவர்கள் மகன் பால் பிராண்ட் மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. வலி உணர்வு அற்றுப் போனதால், சுட்ட புண்ணும் வெட்டுக்காயமும் கவனிக்கப்படாமலே விரல்களை அழிக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே நாள்தோறும் கைகால்களைக் கண்ணால் சோதித்துக்கொள்ளுமாறு நோயாளருக்குக் கற்பித்தார். வலி செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும்.

வீடும் அத்தகைய நோயாளியே. அதற்கு வலி தெரியாது; அழவும் தெரியாது. நம் கண்தான் அதற்கு நரம்பு. மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்து திரும்பியதும், அரைமணி நேரம் குடும்பமாக வீட்டைச் சுற்றி வாருங்கள்.

முதலில் கூரை. மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா? நகர்ந்த ஓடு உண்டா? சுவரிடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் சிறிதாயிருக்கும்போதே வேரோடு அகற்றுங்கள். மேலே வெட்டினால் மீண்டும் தளிர்க்கும்.

அடுத்துச் சுவர். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கீறலுக்கு அஞ்ச வேண்டாம். சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலும், படிக்கட்டுப் போலச் செங்கல் வரிசைகளைப் பிளக்கும் விரிசலும் கவனத்திற்குரியவை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டாலோ அகலம் கூடினாலோ பொறியாளரை அழையுங்கள். ஈரக்கறையின் மேல் வண்ணம் பூசி மறைக்காதீர்கள். நீர் வரும் வழியைக் கண்டு அடையுங்கள். கான்கிரீட் தளத்தின் அடியில் துருக்கறை தெரிந்தாலோ, தட்டும்போது பொள்ளலான ஓசை எழுந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் கீழ் எவரையும் படுக்க வைக்காதீர்கள்.

கதவு நிலையின் அடியையும், உத்திரம் சுவரில் பதியும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். கறையானுக்கு அது ஏணி. மலைச்சரிவில் வாழ்வோர், வீட்டின் பின்புற மண்சரிவையும் மேற்புற நீர்க்காலையும் மழைக்கு முன்னரே பார்க்க வேண்டும். நீர்க்கால் அடைபட்டால் மழைநீர் வீட்டை நோக்கியே பாயும்.

இறுதியாக, எரிவாயு ரப்பர்க் குழாயில் பொறித்துள்ள காலக்கெடுவைப் படியுங்கள். மின்கசிவுக் காப்பு விசையிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லையேல் மின்பணியாளரை அன்றே அழையுங்கள்.

உங்கள் வீட்டோடு நின்றுவிடாதீர்கள். ஏணியில் ஏற இயலாத முதியோரும், ஆள் வைத்துப் பார்க்க வசதியற்ற ஏழையரும் ஒவ்வோர் அன்பியத்திலும் உள்ளனர். மழைக்கு முன் இளைஞர் இருவர் அவ்வீடுகளுக்குச் சென்று பார்த்து வரலாம். பழுதைக் கண்டால் பங்கில் அறிவியுங்கள். கைகள் பல சேர்ந்தால் ஒரு சுவரைத் தாங்குவது பெரிதன்று.

நாமும் பாடம் கற்றுக்கொண்டோம். இப்போது வீடு மந்திரிக்கச் செல்லும்போது தீர்த்தத்தோடு ஒரு பென்சிலும் எடுத்துச் செல்கிறோம். செபம் முடிந்ததும், “அம்மா, சமையலறைச் சுவரைச் சற்றுப் பார்க்கலாமா?” என்று கேட்கிறோம்.

தச்சரான புனித சூசையப்பர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.